அழாத பிள்ளையைத் தேடிப் போங்கள்

பெருமதிப்புக்குரிய அண்ணா பல்கலைக்கழகப் பதிவாளர் அவர்களே, மாணவர் சேர்க்கைக் குழுவினரே, திருக்குவளையிலிருந்தும் அரியலூரிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வந்திருக்கும் உறுப்புக் கல்லூரிப் புலமுதல்வர்களே, தஞ்சையிலிருந்து வந்திருக்கும் முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியப் பெருமக்களே, எல்லாருக்கும் வணக்கம். பதிவாளர் அவர்கள் வாசல்வரை வந்து வரவேற்றார்கள். ஓய்வுபெற்ற ஓர் இயற்பியல் ஆசிரியனுக்குக் கிடைத்த இந்த மரியாதை, அரசுப் பள்ளி ஆசிரியர்கள் அத்தனை பேருக்கும் உரியது.

பொறியியல் படிப்பில் சேர்க்கை, பாடப்பிரிவு, விடுதி என்று மூன்று விஷயங்களைப் பேச நினைத்து வந்திருக்கிறேன்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். சேர்க்கையில் இதை நாம் கண்ணாலேயே பார்க்கிறோம். விவரம் தெரிந்த பெற்றோர் விசாரிக்கிறார்கள், அலைகிறார்கள், நல்ல இடத்தை வாங்கிவிடுகிறார்கள். அழவே தெரியாத பிள்ளைகள் என்ன ஆகிறார்கள்? பட்டுக்கோட்டைப் பக்கத்தில் என்னிடம் படித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்பா தேங்காய் உரிக்கிற தொழிலாளி. அந்தப் பெண் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. கணக்கில் கெட்டி. பிளஸ் டூ பரீட்சை முடிந்த வாரமே ஒரு தனியார் கல்லூரியின் முகவர் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் கல்லூரிப் பெயர் அச்சடித்த பை. “சீட்டு உறுதிங்க, பஸ்சு உங்க தெருமுனைக்கே வரும்” என்று பேசிப் பேசி, கொஞ்சம் முன்பணமும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஒரிஜினலும் வாங்கிக்கொண்டு போனார். ரிசல்ட் வந்தது. கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்கு 170-ஐத் தாண்டியது. கவுன்சிலிங்குக்கு, அதாவது மதிப்பெண் வரிசைப்படி இடம் ஒதுக்கும் கலந்தாய்வுக்கு, விண்ணப்பிக்கலாம் என்று என்னிடம் ஓடி வந்தாள். “ஒரிஜினல் எங்கம்மா?” என்றேன். “காலேஜ்ல இருக்கு சார்.” அப்பா போய்க் கேட்டார். முழுப் பீஸையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த மனிதர் பயந்துபோனார். மனைவியின் தோட்டை அடகு வைத்து, கல்லூரியே நேரடியாக நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் அங்கேயே சேர்த்துவிட்டார்.

நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: “பக்கத்து ராஜாமடத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கல்லூரியே இருக்கிறதே, உனக்குத் தெரியாதா?” அவள் சொன்னாள்: “போர்டு பார்த்திருக்கேன் சார். அது நமக்கில்லைன்னு நினைச்சேன்.”

அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் பொறியியல் படிக்கச் சேர அவருடைய அக்கா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்ததை மேடைதோறும் சொல்லி நெகிழ்கிறோம். 2021-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. ஆனால் இது கலந்தாய்வு வழியாக வந்தால்தான். குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கும் பிள்ளைக்கான முதல் பட்டதாரிச் சலுகையும் அப்படித்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் இரண்டும் போச்சு. அந்தத் தோடு அடகுக்கடைக்குப் போயிருக்கவே வேண்டாம்.

2017 வரை அப்பாவும் பிள்ளையும் ராத்திரி பஸ் ஏறிக் கவுன்சிலிங்குக்காகக் கிண்டிக்கு வந்தார்கள். அலைச்சல்தான், ஆனால் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்க முடிந்தது. 2018 முதல் எல்லாம் ஆன்லைன். வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் கிராமத்துப் பிள்ளைக்குச் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது கல்லூரிகளை விருப்ப வரிசையில் பதிவு, செய்து கொடுப்பது இன்று பிரவுசிங் சென்டர்க்காரர். பட்டியலில் மேலே வைத்த கல்லூரிதான் முதலில் பார்க்கப்படும், ஆசைப்பட்டதை மேலே வைத்தால் கீழே உள்ளது பறிபோகாது என்பதை அவர் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருப்பாரா?

பாடப்பிரிவுகளைப் பற்றி ஒன்று மட்டும். சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும் 2010-லிருந்து தமிழ்வழி உண்டு. இதையும் பிள்ளைகளிடம் யாராவது போய்ச் சொன்னால்தானே தெரியும்? விடுதியைப் பற்றித் தலைமையாசிரியர்கள் பேசுவார்கள், அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

நான் கேட்பது இதுதான். அழுத பிள்ளைக்குப் பால் கொடுத்தது போதும், அழாத பிள்ளையின் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். முகவர் போகிற தெருவுக்கு அவருக்கு முன்னால் நம் மாணவர்கள் போகட்டும். உறுப்புக் கல்லூரி மாணவர்கள் அரையாண்டு விடுமுறைக்குச் சற்று முன்பாகவே தாங்கள் படித்த பள்ளிக்குப் போய் பிளஸ் டூ பிள்ளைகளோடு உட்காரட்டும். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதே என்று முதலில் சொல்லட்டும், கல்லூரியின் கவுன்சிலிங் குறியீட்டு எண்ணைக் கரும்பலகையில் எழுதிக் காட்டட்டும். அப்புறம் சாய்ஸ் ஃபில்லிங் வாரத்தில் அதே பள்ளியின் கணினி அறையில் கூடவே இருக்கட்டும். அவர்களுக்குப் பஸ் செலவையும் வருகைப் பதிவையும் பல்கலைக்கழகம் கொடுக்க வேண்டும்.

பதிவாளர் அவர்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். பள்ளிக்குள் வர அனுமதி தருவதாக முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள் இந்த மேடையிலேயே சொன்னால், பட்டுக்கோட்டை வட்டாரத்து மேல்நிலைப் பள்ளிகளின் பட்டியலை இப்போதே கொடுத்துவிட்டு இறங்குகிறேன். நன்றி, வணக்கம்.