பதினான்கு வயதில் எந்தப் புத்தகம்?

வணக்கம் நேயர்களே. பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்றதும் எதிரில் இருப்பவர் கேட்பது ஒரே கேள்விதான்: "அப்போ பத்தாவது பரீட்சை?" முன்பெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். இப்போது வருவதில்லை. பிள்ளைக்குப் பதின்மூன்று வயது தாண்டிவிட்டால் அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

சின்ன வயதில் கவலையில்லை. காய்கறிக் கடையில் கணக்கு, மொட்டை மாடியில் வானவியல் என்று ஓடிவிடும். மகளுக்குப் பதின்மூன்று ஆனபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுத்து, அமெரிக்காவில் தயாரான பாடத்திட்டம் ஒன்றை முழுப் பெட்டியாக வரவழைத்தேன். வழவழ தாள், வண்ணப் படம், பெற்றோருக்குத் தனி விடைநூல். இரண்டாவது வாரம் மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, ஒரு காலன்னா எத்தனை லிட்டர்?"

அன்றைக்குக் காலன். மறுநாள் மைல். அதற்கடுத்த நாள் பாரன்ஹீட். இயற்கணிதம் அவளுக்கு நன்றாகவே வந்தது. ஆனால் ஒவ்வொரு கணக்கையும் முதலில் நம் ஊர் அளவைக்கு மாற்றிவிட்டுத்தான் தொடங்குவாள். புத்தகத்தைக் குறை சொல்ல மாட்டேன். அது போய்ச் சேரும் ஊர் வேறு, நாங்கள் போக வேண்டிய ஊர் வேறு. அந்தப் பெட்டியில் இப்போது இராமபாணப் பூச்சிகள் படித்துக்கொண்டிருக்கின்றன.

அதன் பிறகு தலைகீழாக யோசித்தோம். எந்தப் பரீட்சை என்பதை முதலில் முடிவு செய்வது, புத்தகத்தைப் பிறகு பார்ப்பது. நம் பிள்ளைகளுக்கு முக்கியமாக மூன்று வழி உண்டு. 14½ வயது நிறைந்தவர்கள் தனித்தேர்வராக மாநிலப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிய வேண்டும். இன்னொன்று கேம்பிரிட்ஜின் ஐஜிசிஎஸ்இ, நம் பத்தாம் வகுப்புக்கு இணையான பன்னாட்டுத் தேர்வு. செலவு அதிகம், தனித்தேர்வரைச் சேர்த்துக்கொள்ளும் மையத்தைத் தேடி அலைய வேண்டும். அதில் அறிவியலுக்கு ஆய்வகம் இல்லாமலே எழுதக்கூடிய ஒரு தாள் உண்டு. அடுத்த கட்டமான, பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான ஏ லெவலில் அந்தச் சலுகை கிடையாது.

நாங்கள் எடுத்தது மூன்றாவது வழி: 1989இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வு எழுத மத்திய அரசு வைத்திருக்கும் வாரியம். எல்லோரும் என்ஐஓஎஸ் என்றே சொல்வார்கள். பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைய வேண்டும். ஐந்து பாடம் தேர வேண்டும், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஏப்ரலில் இரண்டு, அக்டோபரில் இரண்டு என்று பிரித்து எழுதலாம். பதிவு ஐந்தாண்டுகள் செல்லும். பாடநூல்கள் இணையத்தில் இலவசம். அச்சு கொஞ்சம் அழுது வடியும், போகட்டும். டிஎம்ஏ என்கிற ஒப்படைப்பு மட்டும் தேதி தவறாமல் போக வேண்டும், அதற்கு 20 சதவீத மதிப்பெண்.

சிக்கல் பன்னிரண்டாம் வகுப்பில்தான் இருக்கிறது. அங்கே பாடப்பட்டியல் கல்யாணப் பந்தி மாதிரி நீளம்: ஓவியம், மனையியல், உளவியல், தகவல் பதிவு. எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன், எளிது என்று ஓவியமும் மனையியலும் எடுத்துத் தேறினான். ஆறு மாதம் கழித்துப் பொறியியல் படிக்க ஆசை வந்தது. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றுக்கும் மறுபடி பதிந்து எழுதினான். வருடம் ஒன்று போயிற்று. ஓவியம் எடுத்தது தப்பே இல்லை, அவன் அருமையாக வரைவான். பிறகு என்ன படிக்கப் போகிறாய் என்று சேரும் முன்பு அவனை உட்கார வைத்து யாரும் கேட்கவில்லை, அதுதான் தப்பு.

மருத்துவம் என்றால் இன்னொரு எச்சரிக்கை. 2018இல் திறந்தநிலைப் பள்ளி மாணவர்கள் நீட் எழுத முடியாது என்று விதி வந்தது. டில்லி உயர்நீதிமன்றம் போய்த்தான் அது விலகியது. ஆகவே போக நினைக்கும் கல்லூரியின் சேர்க்கை விதிகளைச் சேரும் வருடத்தில் அல்ல, பாடம் தேர்ந்தெடுக்கும் வருடத்திலேயே வாசித்துவிடுங்கள். பக்கத்தில் பிள்ளையும் இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் அந்த வேலையை மகளே செய்தாள். நாட்காட்டியின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, ஒரு பக்கம் பாடம், மறுபக்கம் பரீட்சை மாதம் எழுதினாள். கணக்கை ஏப்ரலில் போடுவாள் என்று நினைத்தேன், அக்டோபரில் போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"ஏப்ரல்ல மாங்காய் சீசன்மா, பாட்டி வீட்டுக்குப் போகணும்."

கட்டத்தை நான் திருத்தவில்லை. கணக்கை அக்டோபரில்தான் எழுதினாள். 71.

வணக்கம்.