சுண்டிப் பார்த்து வாங்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம். மீன்பிடித் தூண்டில் கம்பில் மாட்டும் பெய்ட்காஸ்டிங் ரீல் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் ஒரு சோதனை செய்வார்கள். பொத்தானை அழுத்தி, நரம்பு (தூண்டில் நூல்) சுற்றும் உருளையான ஸ்பூலை விடுவித்து, விரலால் ஒரு சுண்டு சுண்டி, அது எவ்வளவு நேரம் சுழல்கிறது என்று பார்ப்பார்கள். நீண்ட நேரம் சுழன்றால் நல்ல ரீல், தூண்டில் தூரம் போகும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு ஏன் தப்பு, வேறு எதைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

இந்த ரீலைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. தையல் நூல்கண்டை மேசையில் நிறுத்தி, மேல்முனை வழியாக இழுத்தால் நூல் வளையம் வளையமாக உருவிக்கொண்டு வரும், கண்டு அசையாது. ஸ்பின்னிங் ரீல் அந்த மாதிரி. அதே கண்டை ஒரு கம்பியில் கோத்துப் பக்கவாட்டில் இழுத்தால் கண்டே உருளும். பெய்ட்காஸ்டிங் ரீல் இந்த மாதிரி. எறியும்போது லூர், அதாவது செயற்கை இரை, முன்னால் பறக்க, நரம்பு சுற்றிய ஸ்பூல் மொத்தமும் சுழல வேண்டும்.

எவ்வளவு வேகமாகச் சுழலும் தெரியுமா? 34 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்பூலுக்குச் சுற்றளவு ஏறக்குறைய 107 மில்லிமீட்டர். லூர் நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், ஸ்பூல் நிமிடத்துக்குப் 14,000 சுற்றுகள் சுழல வேண்டும். அதுவும் கம்பை வீசும் அந்தக் கணநேரத்துக்குள், நின்ற நிலையிலிருந்து. அடுத்த நொடியே காற்று லூரின் வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். ஸ்பூலுக்கு அது தெரியாது, தன் வேகத்திலேயே சுழலும். லூர் இழுப்பதைவிட ஸ்பூல் அதிகமாக நரம்பை விட்டால் சிக்கு விழும். அதைப் பிரித்தெடுக்க உட்கார்ந்தால் அரை மணி நேரம் போய்விடும்.

ஆக, ஸ்பூல் சட்டென்று கிளம்ப வேண்டும், லூரோடு சேர்ந்தே மெதுவாகவும் வேண்டும். இரண்டுக்கும் தேவை எடை குறைந்த ஸ்பூல். இப்போது கடைச் சோதனைக்கு வருவோம். ஒரே மாதிரி பேரிங் போட்ட இரண்டு ஸ்பூல்களை ஒரே வேகத்தில் சுழல விட்டால், எது அதிக நேரம் சுழலும்? கனமானதுதான். நிலைமம் அதிகம் என்பதால் சீக்கிரம் நிற்காது. கடையில் எல்லோரும் வாய் பிளந்து பார்க்கும் அந்த நீண்ட சுழற்சி பேரிங்கின் பெருமையாக இருக்கலாம், ஸ்பூலின் கனமாகவும் இருக்கலாம். எது என்று சுண்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீர் ஓரத்தில் நின்று எறியும்போது கனமான ஸ்பூல்தான் முதலில் சிக்கு போடும்.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். நிலைமம் ஆரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. அச்சுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிராமைவிட விளிம்பில் உள்ள ஒரு கிராம் பல மடங்கு தொந்தரவு. விளிம்பில் இருப்பது எது? நாம் சுற்றி வைத்திருக்கும் நரம்பு! இதைப் பலர் யோசிப்பதே இல்லை. 0.28 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் நரம்பு 100 மீட்டர் ஏறக்குறைய 7 கிராம். அதே தடிமனில் ஃபுளோரோகார்பன் என்ற இன்னொரு வகை நரம்பு என்றால் 11 கிராம். காசைக் கொட்டி நாலைந்து கிராம் எடை குறைந்த ஸ்பூல் வாங்கியவர், அதில் விளிம்புவரை ஃபுளோரோகார்பன் நிரப்பினால் வாங்கியதன் பலன் அங்கேயே காலி. சின்ன லூர் எறிகிறவர் 50 மீட்டர் மட்டும் சுற்றிப் பார்க்கட்டும். புது ரீல் வாங்கிய மாதிரி இருக்கும், செலவும் இல்லை.

அடுத்தது பிரேக். ரீலுக்கு ரீல் உண்மையான வித்தியாசம் இங்கேதான்.

மையவிலக்கு பிரேக்கில் ஸ்பூலோடு சுழலும் சிறு கட்டைகள் வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். உரசும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் பிடிப்பு நான்கு மடங்கு. அதனால் தொடக்கத்தில், ஸ்பூல் வெறிபிடித்துச் சுழலும்போது, இறுக்கிப் பிடிக்கும். வேகம் குறையக் குறைய ஏறக்குறைய விட்டுவிடும். கடைசிப் பத்து மீட்டர் லூர் தடையில்லாமல் மிதந்து போவதுபோல் இருக்கும். தூரம் கிடைக்கும், ஆனால் அந்தக் கடைசிப் பகுதியைக் கட்டைவிரல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காந்த பிரேக்கில் எதுவும் எதையும் தொடுவதில்லை. காந்தப் புலத்துக்குள் உலோகம் சுழலும்போது அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி வேகத்தைக் குறைக்கிறது. இங்கே பிடிப்பு வேகத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். எறிதலின் கடைசியிலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டே இருக்கும். புதிதாகப் பழகுகிறவருக்கு இதமானது, தூரம் மட்டும் சற்றுக் குறையலாம். டைவா நிறுவனம் இதற்கு ஒரு வழி செய்தது. சுழலும் உலோகக் கிண்ணம் வேகம் கூடும்போது காந்தத்துக்குள் நகர்ந்து செல்லும், வேகம் குறைந்ததும் ஸ்பிரிங் அதை வெளியே இழுத்துவிடும். மேக்ஃபோர்ஸ் இசட் என்ற பெயரில் வந்தது இதுதான். காந்தத்தை வைத்தே மையவிலக்கின் குணத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஷிமானோவின் டிசி ரீல்களில் சிறு மின்சுற்று ஒன்று ஸ்பூலின் வேகத்தை அளந்து பிரேக் போடும். பேட்டரி கிடையாது, ஸ்பூல் சுழலும்போது வரும் மின்சாரமே போதும். எறியும்போது ரீங்காரமிடும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எதிர்காற்றில் இதன் அருமை தெரியும். காற்றில்லாத நாளில், பழகிய கட்டைவிரல் உள்ளவருக்கு இதற்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

கைப்பிடிப் பக்கம் உள்ள திருகு ஸ்பூலின் அச்சை அழுத்துவது. ஸ்பூல் பக்கவாட்டில் ஆடாத அளவுக்கு வைத்தால் போதும். அதையே பிரேக்காக இறுக்கினால் எறிதல் முழுக்கத் தடை இருக்கும்.

சரி, மென்மைக்கு வருவோம். ‘இந்த ரீல் வெண்ணெய் மாதிரி’ என்று யாராவது சொன்னால், எறியும்போதா சுற்றும்போதா என்று நான் கேட்பேன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. எறியும்போது கியர் விலகிவிடுகிறது, ஸ்பூல் தன் பேரிங்குகளில் மட்டும் சுழல்கிறது. சுற்றும்போதுதான் கியர் வேலை செய்கிறது. பெட்டியில் ‘10 பேரிங்’ என்று போட்டிருந்தால் அதில் ஸ்பூலைத் தாங்குபவை இரண்டு அல்லது மூன்று. கைப்பிடிக் குமிழுக்குள் இருக்கும் பேரிங்குகளால் எறிதல் ஒரு சாண்கூடக் கூடாது.

சுற்றுவதில் மென்மை என்பது கியர் பற்களின் நேர்த்தியும் அவற்றைத் தாங்கும் உடற்சட்டத்தின் உறுதியும். பற்கள் சிறிதாகவும் நிறையவும் இருந்தால் அதிர்வு குறைவு. இந்த ரீலின் வரலாற்றில் கடிகாரக்காரர்கள் வருவது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஸ்பூல் பல சுற்றுச் சுழலும் ரீலை அமெரிக்காவின் கென்டகியில் செய்த ஜார்ஜ் ஸ்னைடர் கடிகாரம் செய்பவர். 1950-களில் அம்பாசடர் ரீலைக் கொண்டுவந்த ஸ்வீடனின் ஆபு நிறுவனமும் 1921-இல் கடிகாரத் தொழிற்சாலையாகத்தான் தொடங்கியது.

கடையில் சும்மா சுற்றிப் பார்த்தால் எல்லாப் புது ரீலும் மென்மைதான், உள்ளே அப்பியிருக்கும் கிரீஸ் அப்படி. நரம்பை ஒருவர் பிடித்து இழுக்க, இன்னொருவர் சுற்றிப் பார்க்க வேண்டும். சுமை ஏறும்போது சட்டம் வளைந்தால் கியர்கள் நேர்க்கோட்டிலிருந்து விலகி நறநறக்கும். இழுக்கும்போது ஆழத்தில் மூழ்கிப் போகும் கிராங்க்பெய்ட் வகை லூர் கட்டுகிறவர்களுக்கு இது முக்கியம். அவர்களுக்கு 5-க்கு 1 விகிதமே, அதாவது கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஐந்து சுற்று என்பதே வசதி, 34 மில்லிமீட்டர் ஸ்பூல் நிறைந்திருந்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 53 சென்டிமீட்டர் நரம்பு வரும். 7-க்கு 1 என்றால் 75 சென்டிமீட்டர், ஆனால் கைக்கு அதிகப் பளு.

இரண்டு ரீல்களை ஒப்பிட வேண்டுமா? ஒரே கம்பு, ஒரே லூர், ஒரே நரம்பு, அதே நீளம். இரண்டிலும் சிக்கு விழாத அளவுக்குப் பிரேக்கை வைத்துவிட்டு எறியுங்கள். ஒரே ஒரு பிரமாதமான எறிதலை எடுத்துக்கொண்டு பேசக்கூடாது, பல எறிதல்களின் சராசரியைப் பாருங்கள். முதலில் 20 கிராம் லூர், அப்புறம் 7 கிராம். 20 கிராமில் சுமாரான ரீலும் நல்ல ரீலும் பக்கத்தில் பக்கத்தில் விழும். 7 கிராமில் வித்தியாசம் வெளுத்துவிடும். பெரும்பாலும் 10 கிராமுக்கு மேல் எறிகிறவர், நடுத்தர விலையில் 34 மில்லிமீட்டர் ஸ்பூலும் மையவிலக்கு பிரேக்கும் உள்ள ரீலோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்குக் கீழே போகிறவர் 30 மில்லிமீட்டர் அளவிலான, எடை குறைந்த ஸ்பூலைத் தேடட்டும்.

பழைய ரீலைப் புதியதோடு ஒப்பிடுகிறீர்கள் என்றால், அதற்கு முன் பழையதன் ஸ்பூல் பேரிங்குகளைக் கழுவி, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டுவிடுங்கள். அங்கே கிரீஸ் வேண்டாம். இல்லாவிட்டால் ஒப்பிடுவது ரீலை அல்ல, உள்ளே காய்ந்துபோன எண்ணெயை. நன்றி, வணக்கம்.