கடலுக்கு 61 நாள் விடுமுறை

வணக்கம். மூன்று வாரமாக வீடியோ வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று பலர் கேட்டிருந்தீர்கள். நன்றாகத்தான் இருக்கிறேன், சும்மா இருந்தேன். அதைச் சொல்ல ஏன் இவ்வளவு கூச்சமாக இருக்கிறது என்று தெரியவில்லை.

நான் இப்போது நிற்பது நாகப்பட்டினம், கடுவையாற்றங்கரை. காற்று இரைகிறதா? கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் தெரிவது அக்கரைப்பேட்டை. விசைப்படகுகள் ஒன்றோடொன்று தோள் உரச வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்களுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் கிழக்குக் கடற்கரையில் இந்த ஏற்பாடு. 2001இல் தமிழ்நாட்டில் தொடங்கியபோது 45 நாள். 2017 முதல் 61. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை, அவை போய் வருகின்றன.

எனக்குப் பிடித்தது இதில் தேதி இருப்பதுதான். “கொஞ்சம் வேலை குறையட்டும், ஓய்வெடுக்கிறேன்” என்று நான் நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேலை குறையவே இல்லை. வாரம் மூன்று வீடியோ, இரவு ஒரு மணிக்கு எடிட்டிங், இடது கண் இமை தானாகத் துடிக்கும். கடைசியில் நானும் நாள்காட்டியில் 21 நாளைச் சிவப்பால் வட்டமிட்டேன். முதல் மூன்று நாள் என்ன செய்தேன் தெரியுமா? ஓய்வெடுப்பது எப்படி என்று ஒரு வீடியோ எடுக்கக் குறிப்பு எழுதினேன். சிரிக்காதீர்கள்.

இதோ, இந்தப் படகைக் கரையேற்றியிருக்கிறார்கள். அடிப்பலகையில் வெள்ளையாக ஒட்டியிருப்பது கொட்டலசு, ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு சின்னக் கடல் உயிர். கிட்டே வந்து பாருங்கள், விரலை அறுத்துவிடும். இதைச் சுரண்டி எடுத்து வண்ணம் பூசினால்தான் படகு இழுவை இல்லாமல் ஓடும், டீசலும் மிச்சமாகும். ஓடிக்கொண்டே இருக்கும் படகில் இந்த வேலையைச் செய்ய முடியாது.

காலையில் இங்கே ஒரு பெரியவர் வலைக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியை விட்டு வாங்கி, ஒரு சுண்டு, முடிச்சு விழுந்துவிடுகிறது. “நிம்மதியாக ஓய்வெடுக்கிறீர்களா ஐயா?” என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன். நிமிர்ந்தே பார்க்கவில்லை. “கடலுக்குத்தான் தம்பி ஓய்வு. எங்களுக்கு வருமானம் இல்லாத மாதம்.”

அது சுருக்கென்று தைத்தது. படகுத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. மீன் விற்று, டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சுவதில் பங்கு. படகு நின்றால் பங்கும் நின்றது. குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். 61ஆல் வகுத்துப் பார்த்தேன், நாளுக்கு 131 ரூபாய். அதனால் “எல்லோரும் ஓய்வெடுங்கள்” என்று இங்கே நின்றுகொண்டு உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. விடுப்பு எடுத்தாலும் சம்பளம் வருகிறவர்கள், அந்த விடுப்பை மீதம் வைத்துவிட்டு அதைப் பெருமையாகப் பேசுகிறீர்களே, உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: எடுத்துவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பெரியவர் ஊசியை என் கையில் கொடுத்தார். அரை மணி நேரத்தில் ஏழு முடிச்சு போட்டேன். உடம்பெல்லாம் வியர்வை; ஆனால் கைப்பேசி எங்கே இருக்கிறது என்ற நினைப்பே வரவில்லை. இமையும் துடிக்கவில்லை, இப்போது சொல்லும்போதுதான் உறைக்கிறது. அவர் ஏழு முடிச்சையும் விரலால் தடவிப் பார்த்தார். ஐந்தை அவிழ்த்தார். “இதிலே மீன் எல்லாம் போய்விடும். மறுபடி போடு. ஜூன் 14 வரை நேரம் இருக்கிறது.”

அதோ, டீ குடித்துவிட்டு வருகிறார். கேமராவை வைத்துவிடுகிறேன், ஊசி பிடிக்க இரண்டு கையும் வேண்டும்.