தாய்மரம் யார் பொறுப்பு?

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தகடூர் மண்ணில் மரம் செடியைப் பற்றிப் பேச யார் உட்கார்ந்தாலும் அதியமானும் நெல்லிக்கனியும் வந்துவிடுவார்கள். இன்று அவர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு நேராக மாங்கன்றுக்கு வருகிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நான் இருக்கும் ஊரில் உள்ளாட்சி நடத்தும் ஒரு தோட்டக்கலை மையம் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. மையத்தை என்ன செய்வது என்ற பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை. ஓர் ஆழ்துளைக் கிணறு, கிழிந்த நிழல்வலைக் குடில், வயதான சில மாமரங்கள், ஒரு சப்போட்டா வரிசை. அவ்வளவுதான். தோட்டக்காரர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. தெருவில் நட வேண்டிய கன்றுகளை டெண்டர் விட்டு வாங்க ஆரம்பித்தார்கள். அப்புறம் ஒருநாள், அந்த இடத்தில் வணிக வளாகம் கட்டலாம் என்று பேச்சு வந்தது.

உடனே எதிர்ப்பும் வந்தது. எதிர்க்கச் சேர்ந்த எங்கள் குழுவில் பலரும் பசுமை, ஆக்சிஜன், வருங்காலத் தலைமுறை என்று எழுதினார்கள். தாவரவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அதெல்லாம் பிடித்த சொற்கள்தான். ஆனால் வாடகைக் கணக்கோடு உட்கார்ந்திருக்கும் ஓர் உள்ளாட்சி மன்றத்துக்கு முன்னால் அவை நிற்காது. நின்றது ஒரு மாந்தோப்பு விவசாயி சொன்னது. "வெளியில வாங்குனா செந்தூரா ரகம்னு கொடுப்பாங்க. அது செந்தூராவா இல்லையான்னு காய்ச்ச பிறகுதானே தெரியும்? இங்க மரத்தைப் பார்த்துட்டு கன்னு வாங்குவோம்" என்றார்.

மொத்த விஷயமும் இதில் இருக்கிறது. மாங்கொட்டையை நட்டால் தாயைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஒட்டுக் கட்டுகிறோம். அல்போன்சாவோ பெங்களூராவோ, நல்ல தாய்மரத்துக் குச்சியைக் கொட்டைச் செடியில் ஏற்றினால் மேலே வளர்வது அந்தத் தாய்மரமேதான். ஆனால் பையில் நிற்கும் கன்றைப் பார்த்து ரகத்தைச் சொல்வது பழகிய கண்ணுக்கே சிரமம். ஏமாந்தோம் என்று தெரிய நாலைந்து வருஷம் ஆகும். அதற்குள் தண்ணீர், வேலி, கூலி எல்லாம் செலவாகியிருக்கும். விற்றவர் எங்கே இருப்பாரோ?

தனியார் நாற்றங்கால்களை நான் குறை சொல்லவில்லை. சந்தூர்ப் பக்கம் ஒட்டுக் கட்டுகிறவர்களின் கைவேகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் திறமையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவர்களுக்கும் குச்சி எடுக்க நம்பகமான தாய்மரம் வேண்டுமே. பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தளியில் மலர்களுக்கென்று ஒரு மையம் இருக்கிறது. பத்துக் கன்று வேண்டிய சிறு விவசாயி பஸ் ஏறி அங்கெல்லாம் போகமாட்டார். பக்கத்தில் கிடைப்பதை வாங்கி நடுவார்.

மரத்தைப் போலவே கையும் முக்கியம். குச்சி எடுக்கப்போகும் கிளையில் ஒரு வாரம் பத்து நாள் முன்பே, காம்பை விட்டுவிட்டு இலைகளை நறுக்கிவிட வேண்டும். அப்போதுதான் மொட்டு பருத்துத் தயாராகும். மாங்கொட்டையை வாரக்கணக்கில் காயவிட்டால் முளைக்காது. மாங்கூழ் ஆலைகள் ஓடும் பருவத்திலேயே கொட்டையை வாங்கிப் பாத்தியில் போட்டுவிட வேண்டும். இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறதுதான். ஆனால் கத்தி எவ்வளவு சாய வேண்டும், கட்டு எவ்வளவு இறுக வேண்டும் என்பது கட்டிக் கட்டித்தான் வரும். தோட்டக்காரர் வேலையைக் காலியாக விட்டால் சம்பளம் மிச்சமாகும், சரி. அந்தக் கையை அடுத்தவருக்குப் பழக்கிவிட ஆள் இருக்காது.

மன்றத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. மின்கட்டணம், கூலி, கன்று விற்ற பணம் மூன்றையும் எழுதினால் நஷ்டம்தான் வரும். கடை கட்டினால் மாதாமாதம் வாடகை. அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1992-இல் நகர அமைப்புகளுக்கென்று 18 பணிகளைப் பட்டியலிட்டபோது பூங்காவும் தோட்டமும் அதில் இடம்பெற்றன. ஆனால் அட்டவணையில் இருப்பதெல்லாம் பட்ஜெட்டில் வந்துவிடுகிறதா?

இங்கிலாந்திலும் கதை இதேதான். அங்கே பூங்கா நடத்துவது உள்ளாட்சிகளின் கட்டாயக் கடமை அல்ல. 2010-க்குப் பிறகு நிதி குறைந்தபோது பூங்கா, நாற்றங்கால் செலவிலும் கை வைத்தார்கள். ஊர்மக்கள் நண்பர்கள் குழு என்று சேர்ந்து மனுக் கொடுத்தார்கள், தாங்களே இறங்கி வேலையும் செய்தார்கள். அங்கே 2011-இல் வந்த ஒரு சட்டப்படி, ஓர் இடத்தைச் சமூகப் பயன்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்யச் சொல்லி உள்ளூர்க் குழு கேட்கலாம். பிறகு அது விற்பனைக்கு வந்தால், குழு வாங்க விரும்பும் பட்சத்தில் 6 மாதம் வரை விற்பனையை நிறுத்தி வைக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. குழுவுக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. பணம் திரட்ட அவகாசம், அவ்வளவுதான். அந்த அவகாசமே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்மிடம் வேறு கருவிகள் இருக்கின்றன. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் ஒன்று. உங்கள் ஊர்த் தோட்டம் அதன் கீழ் தயாரான பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப்போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். நில வகைப்பாடு, மன்றத் தீர்மானத்தின் நகல், பணியிட விவரம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கையில் காகிதம் இல்லாமல் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரைப் பார்த்தால் ரசீதுதான் கிடைக்கும்.

எங்கள் ஊரில் கட்டடத் தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. ரத்தாகவில்லை. இப்போது ஒரு புது யோசனை சொல்கிறார்கள்: மையத்தை மகளிர் குழுவிடம் ஒப்படைத்துவிடலாமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. குழுப் பெண்கள் பையில் மண் நிரப்பி, கன்று வளர்த்து, விற்றுக் கணக்கும் வைத்துவிடுவார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மோட்டார் எரிந்தால் யார் பணம்? தாய்மரத்தில் நோய் வந்தால் யார் பொறுப்பு? மக்களிடம் கொடுக்கிறோம் என்று சொல்லிச் செலவைக் கைகழுவுவதும் நடக்கும். நிலமும் தண்ணீரும் ஒரு நிரந்தரத் தோட்டக்காரரும் உள்ளாட்சியின் பொறுப்பில் இருக்கட்டும், வளர்ப்பும் விற்பனையும் குழுவிடம் போகட்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு தாய்மரத்துக்கும் எண் போட்டு, எந்த மரத்துக் குச்சி எந்தக் கன்றில் ஏறியது என்று பதிவேடு வைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். பழைய தோட்டக்காரர் அவ்வப்போது வந்து இரண்டு இளைஞர்களுக்கு ஒட்டுக் கட்டச் சொல்லிக் கொடுக்கிறார். சம்பளம் இல்லை. எத்தனை நாள் அப்படி வருவார்?

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இதுபோன்ற உள்ளாட்சித் தோட்டத்தில் கன்று வாங்கி நட்டவர்கள் பழைய ரசீது இருந்தால் எடுத்து வையுங்கள். என்ன ரகம் என்று சொல்லிக் கொடுத்தார்கள், என்ன காய்த்தது என்று அதிலேயே எழுதுங்கள். நகலை உங்கள் வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள், கிராமம் என்றால் கிராம சபையில் படியுங்கள். நஷ்டக் கணக்கு ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது. காய்த்த மரங்களின் கணக்கும் அதே கோப்பில் ஏற வேண்டும்.

நன்றி, வணக்கம்.