கப்பல்ல பாத்த பொம்பிளையக் கதையில போட்டாரு, பேரைக்கூட மாத்தல்ல!

வணக்கம் மக்களே. 1916இல ஹவாய்த் தீவில இரிக்கிற ஹொனலூலுவில இருந்து போற கப்பல்ல ஒரு பொம்பிள ஏறுறா. பேர் மிஸ் தொம்சன். அதே கப்பல்ல ஒரு எழுத்தாளரும் இரிக்காரு. 1921இல அவருட கதை வெளிய வருது, அதுல ஒரு விலைமாது வாறா, அவட பேர் என்ன தெரியுமா? மிஸ் தொம்சன். இண்டைக்கு இப்பிடி எழுதினா கேஸ் போட்டு வீடு வளவெல்லாம் எழுதி வாங்கியிருப்பாங்க!

ஆள் சோமர்செட் மாம். வரலாற ஒரே மூச்சில சொல்லிப்போட்டு வாறன், ஸ்கிப் பண்ணிராதீங்க: 1874இல பாரிஸ் நகரத்தில பிறந்த இங்கிலிஸ்காரர், சின்ன வயசிலயே தாய் தகப்பன் இல்ல, டாக்டருக்குப் படிச்சிட்டு எழுத வந்தவரு, முதலாம் உலக யுத்தத்தில உளவு வேலையும் பாத்தவரு, பிறகு பசுபிக் தீவு, மலாயா, போர்னியோ, சீனா, பர்மா எண்டு சுத்தோ சுத்தெண்டு சுத்தினவரு. முடிஞ்சிது.

இவருக்குக் கதைக்க வந்தா திக்கும். அப்ப ஊர்க்கதையெல்லாம் எப்பிடிக் கிடைச்சிது? கூடப்போன ஜெரால்ட் ஹாக்ஸ்டன்தான். அந்தாள் கிளப், பார் எண்டு போய்க் குந்தி, அங்க வாறவங்களோட குடிச்சுக் கதைச்சு, கேட்டதையெல்லாம் இவருக்கிட்டக் கொண்டு வந்து கொட்டுவாரு. இவரு கம்முண்டு நோட்ல எழுதுவாரு. அந்த நோட்ல மிஸ் தொம்சன் எப்பிடி இரிக்கா பாருங்க: வெள்ளச் சட்டை, பெரிய வெள்ளத் தொப்பி, நீள வெள்ள பூட்ஸ், அதுக்கு மேலால பிதுங்கிற கெண்டைக்கால். கெண்டைக்காலையும் விடல்ல மனுசன்!

அந்தக் கதைதான் 'ரெய்ன்'. அமெரிக்க சமோவாவில பாகோ பாகோ எண்ட இடத்தில மிஸ் தொம்சன், ஒரு வேதக்காரப் பாதிரியார் எண்டு எல்லாரும் மாட்டிக்கிறாங்க, மழை விடுறதே இல்ல, மேல தகரக் கூரை. மாரியில நம்மட தகர வீட்டுக்குள்ள ரெண்டு மூணு நாள் அடைஞ்சு கிடந்தவங்களுக்கு, அந்தப் பாதிரியாருக்கு மண்டை ஏன் கிறுகிச்சிதெண்டு விளக்கத் தேவல்ல.

இப்ப எனக்குப் பிடிச்ச இடம். 1926இல வந்த மலாயாக் கதைத் தொகுப்புக்கு அவர் வச்ச பேர் என்ன தெரியுமா, சவுக்கு மரம்! ஓம், நம்மட கடற்கரை வழிய, சுனாமிக்குப் பிறகு வரிசையா நட்டாங்களே, ஊசி ஊசியாக் கொட்டி காலெல்லாம் குத்துமே, அதே சவுக்கு. முன்னுரையில ரெண்டு நம்பிக்கை சொல்லுறாரு. சவுக்கில ஒரு சின்னத் துண்டு எடுத்துக்கிட்டுப் படகில போனாலும் எதிர்க்காத்து வருமாம், புயலும் வருமாம். மற்றது, பறுவ நிலவில அந்த மரத்துக்குக் கீழ நிண்டா இனி நடக்கப்போறத அது குசுகுசுத்துச் சொல்லுமாம். சவுக்குத் தோப்புக்குள்ள காத்தடிக்கக்குள்ள வார அந்த 'உஸ்ஸ்' சத்தத்தக் கேட்டவங்க இத நம்பாம இரிக்க ஏலாது, நான் நம்பிட்டன்.

அதோட நிப்பாட்டல்ல. கரையில நிண்டு காத்த மறிக்கிற அந்த மரம் மாதிரித்தான் மலாயாவில இரிக்கிற வெள்ளக்காரத் துரைமாரும் எண்டு யோசிச்சாராம். இங்கதான் எனக்குக் கோவம். ரப்பர் தோட்டத்தில பால் வெட்டினது ஆரு? இந்தியாவில இருந்து போன தமிழாக்கள். அவங்கட வேர்வையில துரைமார் விஸ்கி குடிக்காங்க, கதையில தோட்டத்தாக்கள் ஓரமாக்கூட நிக்கிறது குறைவு. எழுத்து சூப்பர், கண்ணுதான் ஒரு பக்கம் மட்டும் பாத்த கண்ணு.

அந்தத் தொகுப்பில 'த லெட்டர்' எண்டொரு கதை. 1911இல கோலாலம்பூர்ல எத்தல் பிரவுட்லொக் எண்ட வெள்ளக்காரப் பொம்பிள தன்ட வீட்டு விறாந்தையில ஒருத்தனச் சுட்டுக் கொண்டுட்டா. தூக்குத்தண்டனை விழுந்து, சிலாங்கூர் சுல்தான் மன்னிச்சு விட்டாரு. அந்தக் கேஸ்தான் இந்தக் கதை. கதையில கோர்ட் என்ன சொல்லுது, அந்தக் கடிதத்தில என்ன இரிக்கெண்டு நான் சொல்லமாட்டன், படிங்க. போர்னியோத் தீவு சரவாக்கில ஒரு ஆத்தில பேரலை அடிச்சு எழுத்தாளர் மாம் தானே சாகப்பாத்த சம்பவமும் வேற கதையா அதுல இரிக்கு.

கடலுக்குப் போறவங்க ஆராவது பாக்கிறீங்களா? தோணியில சவுக்குக் கம்பு ஏத்துவீங்களா மாட்டீங்களா, கமெண்ட்ல போடுங்க. ஏத்திட்டுப் போய்க் காத்து மாறினா வந்து எனக்கு ஏசாதீங்க, நான் மாம் சொன்னதத்தான் சொன்னன்.