விசேஷ வீடும் வகுப்பறையும்: பங்குனி மாதக் கைவேலைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பங்குனி பிறந்தால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திண்ணைதோறும் புளி தட்டும் சத்தம் கேட்கும். வேம்பு பூக்கும், மாந்தோப்பில் பிஞ்சு பிடித்திருக்கும். தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளில் உகாதி, பின்னாலேயே தமிழ்ப் புத்தாண்டு. அதற்கப்புறம் சித்திரை, வைகாசியில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா என்று விசேஷங்கள் வரிசை கட்டும். பள்ளிக்கூடத்தில் பாடம் முடிந்து, ஆண்டுத் தேர்வையொட்டிச் சில மணி நேரம் கையில் மிஞ்சும். அந்த நேரத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளோடு என்னென்ன செய்யலாம் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன். வீட்டில் பேரன் பேத்தி இருப்பவர்களும் கேட்கலாம்.

கைவேலை என்றாலே சார்ட்டில் வண்ணத்தாளை ஒட்டிச் சுவரில் மாட்டுவது என்று ஆகிவிட்டது. அதில் பாதியை ஆசிரியரே வெட்டிக் கொடுத்துவிடுகிறார்; பிள்ளை வாய் திறக்கத் தேவையே இல்லை. ஒரு விசேஷ வீட்டுக்கு நிஜமாகவே வேண்டிய பொருளைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும், சொல்லித்தான் ஆக வேண்டும். எழுதியது தப்பாகிவிட்டால் விருந்தாளி வேறு ஊருக்குப் போய் நிற்பார்.

முதலில் மாவிலைத் தோரணம். மூன்றடி அகல வாசலுக்குப் பன்னிரண்டு இலை போதும். இலைக்கு இரண்டு அங்குலம், நடுவில் விடும் இடத்துக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு. சணல் கயிறு நாலரை அடி எடுத்தால் இரண்டு பக்கமும் முடி போட முக்கால் முக்கால் அடி கிடைக்கும். முற்றிய கரும்பச்சை இலையாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். செம்பு நிறத் தளிர் கண்ணுக்கு அழகு, ஆனால் கட்டிய கொஞ்ச நேரத்தில் துவண்டு தொங்கிவிடும். காய் பிடித்த கொப்பில் கை வைக்காமல், தோப்புக்காரரிடம் கேட்டு, காய்க்காத கிளையில் பறிப்பதே முறை. புதிதாகப் பறித்த காம்பில் வடியும் பால் சில பிள்ளைகளின் தோலில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். கொத்தை அரை மணி நேரம் காம்பு கீழ்ப்பக்கமாக நிறுத்தி வைத்து, ஈரத் துணியால் துடைத்த பிறகே கையில் கொடுங்கள்.

காம்போடு சேர்த்து இலையின் மேல்பாகத்தில் இரண்டு அங்குலத்தைக் கயிற்றின் மேல் போட்டுப் பின்பக்கமாக மடிக்க வேண்டும். மடிப்புக்குச் சற்றுக் கீழே தென்னை ஈர்க்குத் துண்டால் தைக்க வேண்டும். நடு நரம்பை ஒட்டி நீளவாக்கில் குத்தினால் இலை கிழியும். நரம்பின் இடப்பக்கம் உள்ளே விட்டு, வலப்பக்கம் வெளியே எடுத்தால் நரம்பே ஈர்க்கைப் பிடித்துக்கொள்ளும். ஈர்க்கு காய்ந்ததாக இருந்தால் முறியும், பச்சையாக இருந்தால் வளையும். முதல் நாள் சீவி நிழலில் வைத்த ஈர்க்குதான் சரி.

இதை மொழிப் பயிற்சி ஆக்குவது சுலபம். இரண்டு பிள்ளைகளை முதுகோடு முதுகாக உட்கார வையுங்கள். ஒருவர் கையில் கட்டி முடித்த இரண்டு இலைத் தோரணம். மற்றவர் கையில் இலை, கயிறு, ஈர்க்கு. முதலாமவர் பார்த்துச் சொல்ல, இரண்டாமவர் கேட்டுச் செய்ய வேண்டும். ‘இப்படி’, ‘அப்படி’, ‘அங்க’, ‘இந்த மாதிரி’ ஆகிய நான்கும் தடை. இவற்றைத் தடுத்துவிட்டால் மடி, குத்து, இறுக்கு, நுனி, காம்பு, பின்பக்கம், குறுக்கே என்று சொற்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். சொல்கிற பிள்ளை அவசரப்படுவதால்தான் இது பெரும்பாலும் கெடுகிறது. அதனால் கேட்கிற பிள்ளைக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு ஐந்தே வாக்கியங்களில் செய்முறையை எழுத வேண்டும். அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பில் பிள்ளைகளின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று ஆசிரியர்கள் பிரித்திருப்பீர்கள். அரும்புப் பிள்ளை சொல்லட்டும், மலர்ப் பிள்ளை எழுதட்டும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வகுப்புகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. முதல் சுற்றை அவர்கள் வீட்டு மொழியிலேயே விளையாடட்டும். தமிழ் வகுப்பில் இது கூடுமா என்று தயங்க வேண்டாம். எதற்குப் பின் எது என்ற வரிசை முதல் சுற்றிலேயே மனதில் பதிந்துவிடும். இரண்டாம் சுற்றில் தமிழ்ச் சொல்லைத் தேடுவது ஒன்றுதான் வேலை. இரண்டையும் ஒரே சுற்றில் சுமத்தினால்தான் பிள்ளை ஊமையாகிவிடுகிறது.

அடுத்தது அழைப்பிதழ். இதற்கு மஞ்சள் தாள் செய்துகொள்ளலாம். கோடு போடாத, பளபளப்பு இல்லாத வெள்ளைத் தாள் வேண்டும். வழவழத்த தாளில் மஞ்சள் ஒட்டாமல் திட்டுத்திட்டாக நிற்கும். கால் தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் மஞ்சள்தூளைக் கலக்கி, பஞ்சால் ஒரே திசையில் தடவி, நிழலில் காய வையுங்கள். மஞ்சள் தண்ணீரில் சரியாகக் கரையாது, அடியில் தங்கும். பஞ்சை நனைக்கும் ஒவ்வொரு தடவையும் கலக்க வேண்டும். கோலப்பொடி மஞ்சள் இதற்கு உதவாது, அது நிறம் மாறாது.

எழுதும் மை, சோப்புத் தண்ணீர். சோப்புக் கட்டியைச் சீவி இரண்டு கரண்டி வெந்நீரில் கரைத்து ஆறவிட்டு, ஈர்க்கு நுனியில் கொஞ்சம் பஞ்சு சுற்றித் தொட்டு எழுதினால் எழுத்து அப்போதே சிவப்பாகத் தெரியும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தன்மை பட்டால் சிவப்பாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே காரணத்தால்தான். சுண்ணாம்புத் தெளிவில் எழுதினால் நிறம் இன்னும் நன்றாக வரும். ஆனால் கண்ணில் பட்டால் ஆபத்து, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். கைகழுவும் திரவ சோப்பு பலவற்றில் காரம் போதாது, எழுத்து சிவக்காது. சமையல் சோடாவில் மங்கிய நிறம்தான் கிடைக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது திருத்தும் முறை. பிழையான எழுத்தின் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு வைத்தால் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பிவிடும். ரப்பர் தேவையில்லை, அடித்த கோடும் தெரியாது. பிழைக்குப் பயப்படும் பிள்ளை இங்கே தாராளமாக எழுதும். அதே இடத்தில் திரும்ப எழுதுவதற்கு மட்டும் காய்ந்த பிறகு சோப்பைக் கொஞ்சம் கெட்டியாகத் தொட வேண்டும். புளிப்பு அங்கேயே தங்கியிருப்பதால் நீர்த்த சோப்பை அது தின்றுவிடும். மஞ்சள் தாள் வெயிலில் சில நாளில் வெளுத்துவிடும் என்பதால், விசேஷத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பு எழுதி நோட்டுக்குள் வைத்தால் போதும்.

எழுதும் முன் வாயால் அழைக்கச் சொல்லுங்கள். தங்கைக்குக் காதுகுத்து, தாய்மாமனை எப்படிக் கூப்பிடுவாய்? ‘மாமா, ஞாயித்துக்கெழம பாப்பாவுக்குக் காது குத்தறோம், உங்க மடியிலதான் உக்கார வைக்கணும், காலைல ஒம்போது மணிக்கெல்லாம் வந்துடுங்க.’ சித்தி மகனை? ‘டேய், வந்துடுடா.’ தலைமையாசிரியரை? யாரைக் கூப்பிடுகிறோம் என்பதற்கு ஏற்ப வினைமுற்று மாறுவதை இலக்கணம் சொல்லாமலே பிள்ளை உணரும். பிறகு எழுத்துத் தமிழ்: ‘தங்கள் வருகையை அன்புடன் எதிர்நோக்கும்’ என்ற பழகிய வரியைப் பிள்ளைகள் ஆசையாக எழுதுவார்கள். எழுதிவிட்டு நேரத்தையோ இடத்தையோ விட்டுவிடுவார்கள். நீங்கள் சொல்லிக் காட்டாதீர்கள். அடுத்த குழுவிடம் கொடுத்து, ‘இதை வைத்துக்கொண்டு போய்ச் சேர முடியுமா?’ என்று கேளுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, யாருக்கு என்ற கேள்விகள் அங்கிருந்தே வரும். எழுத்துப்பிழை மலியும் இடங்கள் இரண்டு: ‘ஞாயிற்றுக்கிழமை’, அப்புறம் ‘அழைப்பிதழ்’.

புளியங்கொட்டைக்கு ஓர் எழுத்தாக எழுதிச் சொல் சேர்க்கும் விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாயம் ஆடத் தேய்ப்பதுபோல் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான தரையில் வெள்ளை தெரியத் தேய்த்தால் பால்பாயிண்ட் பேனா எழுதும்; தோலின் மேல் எழுதினால் மை நிற்காது. 247 எழுத்துக்கும் கொட்டை தேடாதீர்கள், வாரத்துக்கு ஐந்து சொல் போதும். காதுகுத்து, வளைகாப்பு, தாய்மாமன், தோரணம், மாவிலை என்று எடுத்தால் குழுவுக்கு 22 கொட்டை. இவற்றில் கா, து, மா மூன்றும் இரண்டு தடவை வரும். ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் ஒரு சிறு கோடு போடுங்கள். இல்லாவிட்டால் எது தலை, எது கால் என்று தெரியாமல் சண்டை வரும். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் கொட்டையை மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்வார்கள், அங்கன்வாடிக்கு இது ஆகாது.

கடைசியாக மொய் எழுதும் விளையாட்டு. நம் மாவட்டங்களில் மொய் நோட்டைப் பார்க்காத பிள்ளை இருக்காது. சொல்வதை எழுதுதல் என்ற சலிப்பான பயிற்சியை இதற்குள் ஒளித்துவிடலாம். ஒரு மேசை, ஒரு நோட்டு, காகிதத்தில் வெட்டிய ரூபாய்த் தாள்கள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, விசேஷத்தின் பெயர், தேதி. பிறகு வரிசை எண், ஊர், பெயர், தொகை என்று நான்கு கட்டம். மூன்று பேர் வேலை பார்க்க வேண்டும்: ஒருவர் எழுத, ஒருவர் பணம் எண்ண, ஒருவர் எழுதியதை உரக்க வாசிக்க. வாசிப்பவர்தான் முக்கியம், தன் பெயர் தப்பாக ஒலித்தால் மொய் வைத்தவர் சும்மா விடமாட்டார்.

ஊர்ப் பெயர்களில் நல்ல கண்ணிகள் இருக்கின்றன. மாரண்டஅள்ளியை வாய் ‘மாரண்டள்ளி’ என்றுதான் சொல்லும். காவேரிப்பட்டணத்தில் எந்த ‘ண’? காரிமங்கலத்தில் எந்த ‘ல’? சூளகிரியில் எந்த ‘ள’? பலகையில் எழுதிப் போடாமல் பேருந்துப் பலகையைப் பார்த்து வரச் சொல்லுங்கள். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும். ‘ஐநூத்தி ஒண்ணு’ என்று காதில் விழுந்ததை ‘ஐந்நூற்று ஒன்று’ என்று எழுதத் தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு உரைநடை எழுதுவதில் பாதித் தூரம் கடந்தாயிற்று.

எல்லோரும் 101, 201, 501, 1001 என்று ஒன்றில் முடியும் தொகையைத்தான் வைக்க வேண்டும் என்று விதி போடுங்கள். ஒரு பக்கத்துக்குப் பத்து வரி வைத்தால் கூட்டுத்தொகை பூஜ்யத்தில் முடிய வேண்டும். முடியவில்லை என்றால் கூட்டியதில் தவறு, அல்லது யாரோ ஒருவரின் தொகை மாறிப் பதிவாகியிருக்கிறது. எந்த வரி என்று தேடும் பொறுப்பை உரக்க வாசித்த பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.

வணக்கம்.