உபதேசியார் வீட்டைத் திறந்துவிடுங்கள்

(எங்கள் ஊர்க் கிறிஸ்தவ ஆலயத்தின் பிரதிஷ்டைப் பண்டிகையன்று மாலை நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது. வெளியூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் கேட்டதால் எழுதிப் போடுகிறேன். உபதேசியார் என்றால், குருவானவருக்குக் கீழே ஊரிலேயே குடியிருந்து சபையைப் பார்த்துக்கொள்கிற ஊழியர்.)

தலைமை தாங்கும், பல ஊர்ச் சபைகள் சேர்ந்த நம் சேகரத்தின் குருவானவர் ஐயா அவர்களே, பண்டிகைக்கென்றே பக்கத்துச் சேகரங்களிலிருந்து வந்திருக்கும் குருமார்களே, குருவானவரின் துணைவியார் ஐயரம்மா அவர்களே, மூன்று மாதமாக இந்தப் பண்டிகைக்காக அலைந்த கமிட்டிச் செயலர், பொருளாளர் அண்ணாச்சிமார்களே, அழைத்ததும் மறுக்காமல் வந்த பஞ்சாயத்துத் தலைவி அம்மா அவர்களே, வணக்கம். மேலத்தெரு அம்மன் கோவில் கொடை கமிட்டிப் பெரியவர்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நம்ம பந்தலுக்கு வருஷா வருஷம் அவர்கள்தான் கம்பு தருகிறார்கள், அவர்கள் கொடைக்கு நம்ம பெஞ்சு போகிறது, இது எப்போதும் இப்படியே இருக்க வேண்டும். விடியற்காலையிலிருந்து அசனம் என்கிற சபை விருந்துக்காக அடுப்பு முன்னால் நிற்கிற வாலிபர்களுக்கும், தண்ணீர் சுமந்த தாய்மார்களுக்கும், ஒருநாள்கூட மணி அடிக்கத் தவறாத நம் கோயில்பிள்ளைக்கும் முதலில் ஒரு கைதட்டல் கொடுங்கள். கோயில்பிள்ளையை எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன்.

மூன்று காரியம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, மேய்ப்புப் பணி. இரண்டு, சபையில் ஐக்கியம். மூன்று, வாலிபரும் ஊரும். முதலாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நம் தாத்தாமார் ஒரு பழமொழி சொல்வார்கள்: பாராத பயிரும் கேளாத கடனும் பாழ். விதைத்தால் மட்டும் போதாது, தினமும் வரப்பில் நடந்து பார்க்க வேண்டும். எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்தில் மேய்ப்பர்கள் மேல் ஆண்டவர் வைக்கிற குற்றச்சாட்டும் இதேதான். காணாமல் போனதைத் தேடவில்லை, நசல் கண்டதை, அதாவது நோய்ப்பட்டதைப் பார்க்கவில்லை என்றுதான் கேட்கிறார், ஏன் கோபுரம் கட்டவில்லை என்று அங்கே கேட்கவில்லை.

நம்ம திருநெல்வேலிச் சபைகளின் கதையை எடுத்துப் பாருங்கள். 1799இல் முதலூர் என்கிற கிறிஸ்தவக் குடியிருப்பு உண்டானது, உபத்திரவத்தில் ஓடி வந்தவர்களுக்குக் குடியிருக்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காக. 1830இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் தர்ம சங்கம் தொடங்கினதும் அதற்குத்தான், நிலம் வாங்கி ஜனங்களைக் குடிவைக்க. மெஞ்ஞானபுரம் கோபுரம் 192 அடி, செம்மணல் தேரிக்காட்டில் எங்கே நின்றாலும் தெரியும், நமக்கெல்லாம் அதில் பெருமைதான், ஆனால் அதைக் கட்டின மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் கோபுரம் எழும்புவதற்கு முன்னால் எத்தனை வருஷம் அந்தச் செம்மணலில் வீடு வீடாக நடந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்துக் குருவானவருக்கு 1874இல் பிறந்த பிள்ளைதான் அசரியா. 1912இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அங்கே அவர் பலமாக நம்பியது கிராமத்திலேயே குடியிருந்த உபாத்திமாரைத்தான்.

ஊரிலேயே குடியிருக்கிற ஆள். அதைத்தான் நாம் உபதேசியார் என்று சொன்னோம். குருவானவருக்கு ஒரு சேகரத்தில் எத்தனையோ ஊர், ஞாயிற்றுக்கிழமை ஒரு ஊரில் ஆராதனை முடித்து அங்கி மடிப்பதற்குள் அடுத்த ஊரிலிருந்து போன் வந்துவிடும், அவரைக் குறை சொல்லவே முடியாது. ஊரோடு கிடந்து ஊரைப் பார்த்தவர் உபதேசியார்தான்.

எங்கள் ஆச்சி அடிக்கடி சொல்கிற ஒரு சம்பவம். அவர்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த ஊரில் ஓர் உபதேசியார். அப்போதெல்லாம் உலை வைக்கும் போது ஒரு பிடி அரிசியை எடுத்துக் கோயில் கலயத்தில் போடுவார்கள், வாரக் கடைசியில் பெண்கள் வந்து வாங்கிப் போவார்கள். ஒரு வீட்டில் இரண்டு வாரமாகப் பிடி அரிசி வரவில்லை. பனையிலிருந்து விழுந்து புருஷன் செத்துப்போன வீடு, மகன் கொழும்பில் ஒரு கடையில் சம்பளத்துக்கு நிற்கிறான். கிணற்றடியில் பேச்சு கிளம்பிவிட்டது: மகன் கொழும்புக்குப் போனதும் மண்டைக்கனம் வந்துட்டு, கோயிலுக்கு ஒரு பிடி அரிசி போட மனசு வரலை. உபதேசியார் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தி சாய்ந்ததும் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு ஜெபம் பண்ண வந்தேன் என்று அந்த வீட்டுக்குப் போனார். ஜெபம் பண்ணிவிட்டு எழுந்தவர் தண்ணீர் கேட்டார். அந்த அம்மா செம்பு எடுக்க அடுக்களைக்குள் போனபோது விளக்கை உயர்த்திப் பார்த்தால், அடுப்பில் சாம்பல்கூட இல்லை, பூனை படுத்திருக்கிறது. உலையே வைக்காத வீட்டில் பிடி அரிசிக்கு எங்கே போவாள்?

மறுநாள் இருட்டினதும் உபதேசியார் தோளில் ஒரு சாக்கோடு வந்து நிற்கிறார். “யம்மா, கோயில் அறையில எலித் தொல்லை தாங்கலை, அரிசி பூரா நாசமாப் போகுது. உங்க வீட்டுல பூனை இருக்கு பாருங்க, கொஞ்ச நாள் இந்த அரிசி இங்க இருக்கட்டும். எலி தின்னது போக மிச்சத்தைத் தந்தாப் போதும், நான் அளந்து கேக்க மாட்டேன்.” அந்த அம்மாவுக்கு விளங்காமலா இருக்கும்? ஒன்றும் பேசவில்லை, வாங்கி உள்ளே வைத்தார்கள். அடுத்த வாரமே அந்த வீட்டிலிருந்து பிடி அரிசி வந்தது. கொஞ்ச காலம் கழித்து மகன் பணம் அனுப்பினான். ஸ்தோத்திரப் பண்டிகையன்று அந்த அம்மா ஒரு முழு மூட்டை நெல்லை வண்டியில் ஏற்றிக் கோயில் முற்றத்தில் இறக்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “உபதேசியாரே, இது எலி தின்னது போக மிச்சம்” என்றார்களாம். ஆச்சி இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள்.

பாராத பயிரும் கேளாத கடனும் பாழ். அவர் பார்த்தார். இன்றைக்கு நம்மிடம் பார்க்க யார் இருக்கிறார்கள்? கிறிஸ்துமஸுக்கும் அசனத்துக்கும் சென்னை, மும்பை, திருப்பூரிலிருந்து கார் கார்களாக வருகிறோம், கோயில் நிறைந்து வெளியே சேர் போடுகிறோம். ஜனவரி இரண்டாம் வாரம் வந்து பாருங்கள். முன்வரிசையில் கொஞ்சம் பாட்டிமார், பின்னால் காலி பெஞ்சு. பிள்ளைகள் வீட்டு வாசலில் கேமரா வைத்து போனில் பார்க்கிறார்கள், நல்லதுதான், ஆனால் குளியலறையில் வழுக்கி விழுந்த அப்பாவை அந்தக் கேமரா தூக்கிவிடுமா? எங்கள் தெருவிலேயே ஒரு பெரியவர் இடுப்பு ஒடிந்து ராத்திரி முழுக்கத் தரையில் கிடந்தார், காலையில் பால்காரர்தான் கண்டார். கோயில் குழாயில் அன்றைக்கும் பாட்டு போட்டோம்.

உபதேசியார் வீடு பூட்டிக் கிடக்கிறது, எல்லாருக்கும் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது? பிளாஸ்டிக் சேர், ஸ்பீக்கர் பெட்டி, போன வருஷத்து நட்சத்திரம். ஓடு மாற்றிச் சுண்ணாம்பு அடித்து ஒரு மோட்டார் போட்டால் ஒரு குடும்பம் தாராளமாக இருக்கலாம். கோபுரத்தை இரண்டு நிலை உயர்த்த வசூல் நடக்கிறது, நானும் கொடுத்திருக்கிறேன், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த வேலையைக் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள் என்றுதான் கமிட்டி அண்ணாச்சிமாரைக் கும்பிட்டுக் கேட்கிறேன். முதலில் அந்த வீட்டைச் சரி பண்ணி, சேகரத்தில் பேசி, ஒரு சபை ஊழியரைக் குடும்பத்தோடு இங்கே குடிவையுங்கள். சம்பளத்துக்கு என்ன செய்வது என்பீர்கள். பிடி அரிசியைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அரிசியாக வேண்டாம், மாதம் ஒரு தொகையாகவே இருக்கட்டும், வெளியூரில் இருக்கிற நம் பிள்ளைகள் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக் காசைக் கொடுத்தாலும் இது நடக்கும். வருகிற அந்த ஊழியர் பிரசங்கத்தில் புலியாக இருக்க வேண்டாம். சாயங்காலம் தெருவில் நடந்து, கதவைத் தட்டி, மாத்திரை போட்டாச்சா என்று கேட்டால் போதும். எந்த மதத்து வீடானாலும் தட்டட்டும். பாராத பயிரும் கேளாத கடனும் பாழ் என்பது எல்லா வீட்டுக்கும்தான்.

ஐக்கியத்தைப் பற்றியும் வாலிபரைப் பற்றியும் பேச நேரமில்லை, குருவானவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், இன்னும் இரண்டு பேர் வாழ்த்துரை சொல்ல வேண்டும். இரண்டாவது காரியத்துக்கு ஒன்று மட்டும்: கமிட்டித் தேர்தலில் எந்த அணியில் நின்றிருந்தாலும் இந்த வீட்டு விஷயத்தில் ஒன்றாக நில்லுங்கள்.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில், வருகிற சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எடுக்கச் சொல்லி ஒரு விண்ணப்பம் இருக்கிறது, சம்மதமானவர்கள் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த பக்கங்களில் உங்கள் தெருவில் தனியாக இருக்கிற பெரியவர்களின் பெயரையும், பிள்ளைகளின் போன் நம்பரையும் எழுதுங்கள். ஊழியர் வருகிற வரைக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் தெருவுக்கு இரண்டு பேராகப் போய்ப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள், இந்தப் புதன்கிழமையே கீழத்தெருவில் ஆரம்பிக்கிறார்கள். எழுதிவிட்டுப் பந்திக்குப் போங்கள், முதல் பந்தியில் பெரியவர்களை உட்கார வையுங்கள். நன்றி.